அண்ணி கண்டுபிடித்த பசை

லேப் என்று பெயர்தானே தவிர, அது காலணித் தொழிற்சாலையின் பின்பக்கத்தில், பாய்லர் அறைக்கும் சாமான் கிடங்குக்கும் நடுவே செருகி வைத்தாற்போல் இருந்த ஒரு சின்ன அறை. ஒரு ஜன்னல், ஒரு தொட்டி, ஒரு தராசு, அலமாரி நிறையக் கண்ணாடிப் புட்டிகள். அங்கே பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்தவளுக்குப் பதிவேட்டில் ‘ஆய்வக உதவியாளர்’ என்று பதவி. யாருக்கு உதவி என்று கேட்டால் பதில் கிடையாது. அந்த லேபில் அவளைத் தவிர வேறு ஆளே இல்லை.

பசை தடவும் பேஸ்டிங் பிரிவில் முப்பத்திரண்டு பெண்கள். அவர்கள் எல்லாருக்கும் அவள் அண்ணி. அதற்குக் காரணம் அவளுடைய நாத்தனார். புருஷனின் ஒரே தங்கை, வீட்டில் சின்னவள் என்றால் அவள்தான். பேஸ்டிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே லேப் ஜன்னலைப் பார்த்து ‘அண்ணீ’ என்று ஒரு குரல் கொடுத்தாள். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த மேற்பார்வைக்காரியும் அண்ணி என்றுதான் கூப்பிட்டாள். முதுகுக்குப் பின்னால் மட்டும் ‘மூணு நம்பர்’ என்று ஒரு பட்டப்பெயர் ஓடியது. அது அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

கல்லூரியில் வேதியியல் சேர்ந்து இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தியவள் அண்ணி. அப்பா படுத்த படுக்கையானதும் வேலைக்கு வந்துவிட்டாள். லேப் அலமாரியின் மேல்தட்டில் யாரோ விட்டுப்போன தடிமனான புத்தகம் ஒன்று கிடந்தது. கடைசி அறுபது பக்கமும் வெறும் அட்டவணை. திரவத்தின் பெயர், எதிரே மூன்று எண்கள். முதல் இரண்டு வருஷம் அதைப் புட்டிகளுக்கு அண்டக்கொடுக்கத்தான் வைத்திருந்தாள். அப்புறம் ஒரு மழைக்காலத்தில், மின்சாரம் போய் வேலை நின்றுபோன நாட்களில், முன்பக்கம் புரட்டிப் படித்தாள். படித்தவள் அதிலேயே விழுந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். மூலக்கூறு எதுவானாலும் பக்கத்தில் இருப்பதைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பிடி மூன்று வகை. எல்லா மூலக்கூறுக்கும் பொதுவாக உள்ள சாதாரண ஒட்டுதல் முதல் வகை. ஒரு முனையில் நேர்மின்னூட்டமும் மறுமுனையில் எதிர்மின்னூட்டமும் சற்றுத் தூக்கலாக இருப்பதால் வரும் இழுப்பு இரண்டாவது. ஹைட்ரஜன் வழியாகக் கைகோர்த்துக்கொள்வது மூன்றாவது. ஒவ்வொரு பிடியும் எவ்வளவு பலம் என்று எண்ணாக எழுதிவிட்டால், அந்த மூன்று எண்ணும் சேர்ந்து அந்தத் திரவத்துக்கு ஒரு விலாசம் ஆகிவிடுகிறது. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும்கூட இப்படி விலாசம் உண்டு. இரண்டு விலாசமும் பக்கத்தில் இருந்தால் ஒன்றில் ஒன்று கரையும். எட்ட இருந்தால் கரையாது. ரப்பரை நடுவில் வைத்து ஒரு பந்து வரைந்தோமானால், பந்துக்கு உள்ளே விழும் திரவம் ரப்பரைக் கரைக்கும், வெளியே நிற்பது கரைக்காது.

ஊற்றிப் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்பதுதான் அண்ணிக்குப் பிடித்துப்போனது. யாராவது புது புட்டியைக் கொண்டுவந்து நீட்டினால், மூடியைத் திறக்குமுன், “இதோட மூணு நம்பர் என்ன, பார்ப்போம்” என்பாள். கோடு போட்ட நோட்டு ஒன்றில் திரவத்தின் பெயர், மூன்று கட்டம் என்று நானூறுக்கு மேல் எழுதி வைத்திருந்தாள். சின்னவள் ஒருமுறை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எங்க மேற்பார்வைக்கார அக்காவுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம்னு பார்த்துச் சொல்லுங்க அண்ணி. பந்துக்கு உள்ளயா வெளியயா?” என்று கேட்டாள்.

“நீ வேலைக்கு லேட்டா வர்ற அன்னிக்கு வெளிய” என்றாள் அண்ணி.

அந்தக் காலத்தில் காலணியின் அடிப்பாகத்தை மேல்பாகத்தோடு ஒட்டும் ரப்பர் பசையை டொலுயீன் என்ற திரவத்தில் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் நெடி மூக்கைத் துளைக்கும். பேஸ்டிங் பிரிவில் மத்தியானம் ஆனால் பாதிப் பேர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்த பிறகு மேனேஜர் லேபுக்கு வந்தார். மோசமான மனிதர் இல்லை. எதைச் சொன்னாலும் எத்தனை நாளாகும் என்றுதான் முதலில் கேட்பார்.

“டொலுயீன் இல்லாம பசை பண்ண முடியுமா?”

அண்ணி நோட்டைத் திறந்தாள். ஹெக்சேன் என்று ஒரு திரவம். அதன் இரண்டாவது எண்ணும் மூன்றாவது எண்ணும் பூஜ்யம். ரப்பருக்கு ஒருபக்கமாகப் பந்துக்கு வெளியே நின்றது. அசிட்டோன் என்று இன்னொன்று. அதன் இரண்டாவது எண் பத்துக்கு மேல். அது நேர் எதிர்ப்பக்கமாகப் போய் நின்றது. தனித்தனியே இரண்டும் அந்த ரப்பரைக் கரைக்காது.

“தனியா உதவாத ரெண்டும் சேர்ந்தா உதவுமா?” என்று மேனேஜர் சிரித்தார்.

“சேர்ந்தா ரெண்டோட விலாசமும் நடுவுல வந்துரும் சார். நடுவுலதான் நம்ம ரப்பர் இருக்கு.”

மூன்று ஜாடிகளில் ஒரே அளவு ரப்பர்த் துண்டுகளைப் போட்டாள். ஒன்றில் ஹெக்சேன், ஒன்றில் அசிட்டோன், மூன்றாவதில் இரண்டும் கலந்தது. மறுநாள் மத்தியானம் முதல் இரண்டு ஜாடியிலும் துண்டுகள் அப்படியே கிடந்தன, கொஞ்சம் உப்பியிருந்தன, அவ்வளவுதான். மூன்றாவதில் துண்டே இல்லை. தேன் பதத்துக்குப் பளபளவென்று பசை நின்றது. மேனேஜர் ஜாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அண்ணிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதுப் பசை சீக்கிரம் காய்ந்தது, நன்றாகப் பிடித்தது. எல்லாவற்றுக்கும் மேலே, மூக்கைத் துளைக்கும் அந்த நெடி இல்லை. தலைவலி நின்றுபோனது. பேஸ்டிங் பிரிவுப் பெண்கள் கூட்டமாக லேப் வாசலுக்கு வந்து நின்று, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். கடைசியில் சின்னவள்தான், “எங்க அண்ணி கண்டுபிடிச்ச பசை” என்று ஏதோ தானே கலக்கியதுபோல் சொன்னாள்.

அந்தக் குளிர்காலத்தில் பேஸ்டிங் பிரிவின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று பழுதானது. டொலுயீன் காலமாக இருந்தால் அன்றைக்கே சத்தம் போட்டிருப்பார்கள். இப்போதுதான் அந்த நெடியே இல்லையே. ஃபேனைக் கழற்றிய ஓட்டையை அட்டை வைத்து அடைத்தார்கள். குளிருக்கு ஜன்னல்களையும் சாத்திக்கொண்டார்கள். அண்ணியும் அந்த வழியாகத் தினம் போய்வந்தாள். அட்டையைப் பார்த்தாள். அது அவள் மனதில் எதையும் தட்டவில்லை.

பத்து மாதம் ஓடியது.

ஒரு சாயங்காலம் அண்ணியும் சின்னவளும் வேலை முடிந்து ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள். மூன்றாவது மாடியில் வீடு. சின்னவள் முன்னால் பேசிக்கொண்டே ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அண்ணி குனிந்து பார்த்தாள். சின்னவளுடையது. நிமிர்ந்தால், அவள் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுமையுமாக மேலே போய்க்கொண்டிருந்தாள்.

“ஏய், செருப்பை விட்டுட்டுப் போற.”

சின்னவள் திரும்பித் தன் காலைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவள், செருப்பை மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்ச நாளாவே இப்படித்தான் அண்ணி. கால் பஞ்சு மேல வெச்ச மாதிரி இருக்கு. நின்னே வேலை பார்க்கிறோமில்ல, அதனால இருக்கும்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும். விரல் நுனிகூட மரத்துப்போகுது. பட்டன் போட நேரமாகுது. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, வேலைக்குப் போக வேணாம்னு ஆரம்பிச்சிடும்.”

அண்ணனிடம் சொல்லாமலே, மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டு அண்ணி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நரம்பு டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மாள். சின்ன ரப்பர்ச் சுத்தியலால் கணுக்காலுக்குப் பின்னால் தட்டினார். பாதம் அசையவில்லை. இன்னொரு காலிலும் தட்டினார். அதுவும் அசையவில்லை. அதிரும் கம்பி ஒன்றைக் கால் கட்டைவிரலில் வைத்து, “அதிருதா?” என்று கேட்டார்.

“வெச்சிருக்கீங்களா டாக்டர்?” என்றாள் சின்னவள். கண்ணை மூடியிருந்தாள்.

டாக்டர் கம்பியைக் கீழே வைத்தார். “என்ன வேலை பார்க்கிறே?”

“ஷூவுக்குப் பசை தடவுறேன்.”

“அந்தப் பசையில என்ன இருக்குன்னு தெரியுமா?”

“எனக்குத் தெரியாது டாக்டர். எங்க அண்ணிக்குத் தெரியும்.” சின்னவள் முகம் மலர்ந்து பக்கத்தில் கையைக் காட்டினாள். “இவங்க கண்டுபிடிச்சதுதான்.”

டாக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி, “ஹெக்சேன், அசிட்டோன்” என்றாள். தன் குரல் வேறு எங்கிருந்தோ வருவதுபோல் அவளுக்குக் கேட்டது.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். ஹெக்சேன் ஆவியை மாதக்கணக்கில் மூச்சில் இழுத்தால் கல்லீரல் அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது என்றும், அந்தப் பொருள் கை கால் நரம்புகளை நுனியிலிருந்து கெடுத்துக்கொண்டு வருகிறது என்றும் நிதானமாகச் சொன்னார். “இனிமே அந்த அறைக்குள்ள கால் வெக்கக் கூடாது. விட்ட பிறகும் ரெண்டு மூணு மாசம் இன்னும் மோசமாகும். பயந்துடாதீங்க. அப்புறம் மெதுவாத் திரும்பும். எவ்வளவு திரும்பும்னு இப்போ சொல்ல முடியாது.”

சின்னவள் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் சொன்னதில் ஏதோ பிசகு இருக்கிறது, அண்ணி இப்போது அதைத் திருத்துவாள் என்று எதிர்பார்க்கிற பார்வை. அண்ணி திருத்தவில்லை.

அவளை வீட்டில் விட்டுவிட்டு அண்ணி நேரே தொழிற்சாலைக்குப் போனாள், கிடங்குக்கு. டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தாள்களைக் கிடங்குக்காரர் ஒரு கொக்கியில் குத்தி வைத்திருந்தார். தூசி படிந்த கட்டில் ஹெக்சேனின் தாளைத் தேடி எடுத்தாள். பதினொரு பக்கம். அதில் ஆறாவது பக்கத்தில், பொடி எழுத்தில், டாக்டர் சொன்னது அத்தனையும் இருந்தது. வேறு கரைப்பான்கள் சிலவற்றோடு சேர்ந்தால் நரம்புக்குக் கெடுதல் கூடலாம் என்று ஒரு வரியும் இருந்தது. அந்தத் தாள் லேபிலிருந்து இருபதடி தூரத்தில் இத்தனை நாளும் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அங்கேயே ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எது எதில் கரையும் என்று அந்த மூன்று எண்கள் சொல்லின. சொன்னது பொய்யில்லை. பசை கரைந்ததே. உடம்புக்குள் போன பிறகு அது என்ன செய்யும் என்று அவை சொல்லவே இல்லை, சொல்வதாகவும் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் அவள்.

மறுநாள் காலையில் வேலை தொடங்குமுன் பேஸ்டிங் பிரிவுக்குப் போனாள். எல்லாரையும் குதிகாலில் நடந்து காட்டச் சொன்னாள். கால் நரம்பு கெட்டிருந்தால் அப்படி நடக்க வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெண்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருத்தி வாத்துபோல் நடந்து காட்டினாள், எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு அடங்கியது. ஐந்து பேருக்குக் குதிகாலில் நிற்கவே முடியவில்லை. இன்னும் ஆறு பேர், விரல் நுனி மரப்பதாக இப்போதுதான் வாயைத் திறந்து சொன்னார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். மேற்பார்வைக்காரி தனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தாள்.

பதினொரு பேருடைய விவரத்தையும் எழுதி, ஹெக்சேன் தாளோடு மேனேஜர் அறைக்குப் போனாள்.

அவர் தாளைப் படித்தார், பட்டியலைப் படித்தார். முகம் வெளிறிப்போனது. ஆனாலும் முதலில் வாயில் வந்தது, “இது உங்க ஃபார்முலாதானே?”

“ஆமா சார்.”

“நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா விஷயம் வெளிய போனா முதல்ல உங்க பேர்தான் அடிபடும். யோசிச்சுக்கோங்க. மெதுவா மாத்திக்கலாம். கையில இருக்கிற ஆர்டர் முடியட்டும்.”

“அடிபடட்டும் சார். இன்னிக்கு பேட்ச்சுல நான் கையெழுத்துப் போடலை.”

லேபின் கையெழுத்து இல்லாமல் ஒரு வாளிப் பசைகூட வெளியே போகாது. இத்தனை வருஷமாக அது ஒரு சடங்குபோல் நடந்துவந்தது. அப்படியொரு பிடி தன் கையில் இருந்தது அண்ணிக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. மேனேஜர் பேனாவை எடுத்தார். பிறகு, “எத்தனை நாளாகும்?” என்றார்.

“புதுப் பசைக்குப் பதினஞ்சு நாள். அதுவரைக்கும் ஒட்டுற வேலையை நிறுத்திடுங்க. பதினொரு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, தொழிற்சாலை செலவுல. ஃபேனைச் சரி பண்ணுங்க. கூரைப் பக்கம் இல்லை, மேஜை மட்டத்துல வெக்கணும். அந்த ஆவி கனம், கீழதான் இறங்கும்.”

அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். மேலே யாரிடமோ தொலைபேசியில் பேசினார், கெஞ்சினார், ஒருமுறை குரலை உயர்த்தினார். ஒட்டும் வேலை அன்றைக்கே நின்றது.

வீட்டில்தான் பாடு. புருஷன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அம்மா அப்பா போனபிறகு தங்கையை வளர்த்தது அவர்தான். அண்ணி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டுக்கொண்டே தட்டில் சோற்றை அளைந்தவர் சாப்பிடாமல் எழுந்தார்.

“நீ வேணும்னு பண்ணலை. அது எனக்குத் தெரியும்” என்றார் கைகழுவிக்கொண்டே. “ஆனா கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இதைப் பத்திப் பேசாதே.”

சின்னவள் அப்படிச் சும்மா இருக்கவில்லை. டாக்டர் சொன்னபடியே வேலையை விட்ட பிறகு அவளுக்கு மோசமாகிக்கொண்டே போனது. ஆறாவது வாரத்தில் மாடிப்படி இறங்க ஆள் துணை வேண்டியதாயிற்று. கோப்பை கைநழுவி உடைந்தது. அண்ணி துண்டுகளைப் பொறுக்கக் குனிந்தபோது சின்னவள் வெடித்தாள்.

“விடுங்க. நீங்க பொறுக்க வேணாம். டொலுயீன்ல தலைதான் வலிச்சது. வலிச்சா வெளிய போய் நின்னோம். இதுல எதுவுமே தெரியலையே. எங்களுக்கே தெரியாதபடி பண்ணிட்டீங்களே அண்ணி. உங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடு போட்டோம் நாங்க.”

அண்ணி பொறுக்கிய துண்டுகளைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. அது ரொம்பச் சின்ன வார்த்தையாகத் தோன்றியது. “ஆறாவது பக்கத்துல இருந்துச்சு. நான் படிக்கலை” என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு முன்பே, வேலை நின்ற மறுநாளே, பேஸ்டிங் பிரிவிலும் இதையேதான் சொல்லியிருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரையும் உட்காரவைத்து, என்ன கலந்தாள், ஏன் கலந்தாள், எதைப் பார்த்தாள், எதைப் பார்க்காமல் விட்டாள் என்று நின்றபடியே சொன்னாள். மேனேஜர் வேண்டாம் என்றுதான் சொன்னார். கேட்டவர்களில் சிலர் அழுதார்கள். ஒருத்தி, “வீட்டுல குழந்தையைத் தூக்கவே பயமா இருக்கு, நழுவிடுமோன்னு. அது இதனாலதானா?” என்று கேட்டாள். “இதனாலதான்” என்றாள் அண்ணி. இரண்டு பேர் அன்றோடு வேலையை விட்டுப் போனார்கள். போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினைந்து நாள் என்று சொன்னது இருபத்து மூன்று நாளாயிற்று. நோட்டில் மூன்று கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் நான்காவதாக ஒரு கட்டம் இழுத்தாள். மற்றவற்றைவிட அதுதான் அகலம். உடம்பை என்ன செய்யும் என்பதற்கு. நானூறு திரவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார்த்தபோது பாதிக்கு மேல் அடிபட்டுப்போயின.

ஹெக்சேனுக்குப் பக்கத்து வீடு ஹெப்டேன். மூன்று எண்ணும் ஏறக்குறைய அதேதான், ஆனால் நரம்பைக் கெடுக்கும் அந்தக் குணம் அதனிடம் கிட்டத்தட்ட இல்லை. அசிட்டோனுக்குப் பதில் எத்தில் அசிடேட். கணக்குப்படி கலவை பந்துக்கு உள்ளே விழுந்தது, ஜாடியிலும் ரப்பர் கரைந்தது. ஆனால் பசை காய மறுத்தது. ஹெப்டேன் மெதுவாகத்தான் ஆவியாகும். ஒட்டிய அடிப்பாகம் அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஹெப்டேனில் ஒரு பங்கைக் குறைத்து, அதைவிடச் சீக்கிரம் காயும் சைக்ளோஹெக்சேனைச் சேர்த்தாள். விகிதத்தை மாற்றி மாற்றிப் பதினேழு ஜாடி. நடுவில் ஒரு சங்கடம்: கடைச்சரக்கு ஹெப்டேனில் ஹெக்சேனும் கொஞ்சம் கலந்திருக்கும். விற்பவரைக் கூப்பிட்டு, எவ்வளவு கலந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றாள். யாருமே இதுவரை கேட்டதில்லை என்றார் அவர். “நானும் கேட்டதில்லை” என்றாள் அண்ணி. மூன்றாவது ஆள்தான் எழுதிக் கொடுத்தார்.

பதினேழாவது ஜாடி தேறியது. பழையதைவிடக் காய நாலு நிமிஷம் கூடுதல். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், பேஸ்டிங் பிரிவைப் பார்த்தார். வேலை அட்டவணையை மாற்றி எழுதினார்.

புதுப் பசையைப் பேஸ்டிங் பிரிவுக்குக் கொண்டுபோன அன்று யாரும் தூரிகையைத் தொடவில்லை. மேஜை மட்டத்தில் புது ஃபேன்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேற்பார்வைக்காரி எழுந்து நின்றாள். அவளுக்கு இன்னும் விரல் நுனி மரத்துத்தான் இருந்தது.

“இதுல என்ன வரும் அண்ணி?”

அண்ணி தாள்களைப் பிரித்தாள். மூன்று திரவத்துக்கும் மூன்று தாள். முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்து, புரியாத சொல்லுக்கெல்லாம் விளக்கம் சொன்னாள். கண் எரியலாம். அதிகம் மூச்சில் போனால் தலை சுற்றலாம். தோல் வறண்டுபோகும், கையுறை போட வேண்டும். படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

“இவ்வளவுதான் எழுதியிருக்கு. எழுதாதது ஏதாவது இருக்கான்னு எனக்குத் தெரியாது. அதனால மாசம் ஒரு தடவை எல்லாரும் குதிகால்ல நடக்கணும். நான் பார்ப்பேன். ஒருத்தருக்கு முடியலைன்னாலும் வேலையை நிறுத்துவேன்.”

“நிறுத்துவீங்க” என்றாள் மேற்பார்வைக்காரி. கேள்வியாகச் சொல்லவில்லை. உட்கார்ந்து தூரிகையை எடுத்தாள்.

மேலிடத்திலிருந்து அண்ணிக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அதே வாரம் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து அவளிடம் நாலு மணி நேரம் கேள்வி கேட்டார். எதையும் மறைக்கவில்லை. அவர் போகும்போது அவளுடைய நோட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார். கடிதத்தை அண்ணி அலமாரியில் தடிப்புத்தகத்துக்குள் வைத்தாள். கிழித்துப்போடச் சொன்ன மேனேஜரிடம், “இருக்கட்டும் சார், அதுல தப்பா ஒண்ணும் எழுதலை” என்றாள்.

நாலாவது மாதத்தில் சின்னவளுடைய கால் மோசமாவது நின்றது. ஆறாவது மாதத்தில் ஒருநாள், குளித்துவிட்டு வந்தவள் நடுக்கூடத்தில் அப்படியே நின்றாள்.

“அண்ணி, தரை சில்லுனு இருக்கு.”

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சின்னவள் ஒரு பாதத்தைத் தூக்கி, வைத்து, மறுபடி தூக்கி, வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் செய்தித்தாளை இறக்கினார். இத்தனை மாதமும் அந்தப் பேச்சை எடுக்காதவர், “எந்தக் காலு? ரெண்டுமா?” என்று கேட்டார். ரெண்டும்தான் என்றதும் செய்தித்தாளை மறுபடி உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கோபம் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. சின்னவள் சில நாள் நன்றாகப் பேசுவாள், சில நாள் அண்ணி என்றுகூடக் கூப்பிடாமல் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அண்ணி இரண்டையும் வாங்கிக்கொண்டாள். தினமும் சாயங்காலம் டாக்டர் சொன்ன பயிற்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாள். தட்டிலிருந்து பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட வேண்டும். முதல் மாதம் பத்து போட்டாலே பெரிய விஷயம். எட்டாவது மாதம் சின்னவள் கிண்ணத்தை நிரப்பிவிட்டு, “போதும், இனிமே பட்டாணிக்குத்தான் வலிக்கும்” என்றாள். அன்றைக்குத்தான் இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து டாக்டர் கடைசியாகப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒவ்வொரு விரலாகப் பஞ்சால் தொட்டார். சின்னவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இடது கால் சுண்டுவிரல் வந்ததும், “இப்போ சுண்டுவிரல்” என்றாள்.

“அது தெரிஞ்சு சொன்னியா, வரிசை பார்த்துச் சொன்னியா?”

சின்னவள் கண்ணைத் திறந்தாள். “வரிசை பார்த்துத்தான்.”

இடது காலில் கடைசி இரண்டு விரல் அப்படியேதான் இருக்கும் என்றார் டாக்டர். பதினொரு பேரில் ஏழு பேருக்கு முழுக்கச் சரியாகியிருந்தது. மேற்பார்வைக்காரிக்குக் கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இன்னும் மூன்று பேருக்குக் காலில்.

சின்னவள் தொழிற்சாலைக்குத் திரும்பினாள். பேஸ்டிங் பிரிவுக்கு இல்லை, கிடங்குக்கு. வேண்டுமென்று அவளே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது. டிரம் வந்து இறங்கினால் முதலில் தாளை வாங்குவாள், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பதினொரு பக்கமோ பதினைந்து பக்கமோ, முழுக்கப் படிப்பாள். டிரைவர்கள் அலுத்துக்கொள்வார்கள். புரியாத இடத்தில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு லேப் வாசலில் வந்து நிற்பாள்.

போன மாதம் ஒருநாள் அப்படி வந்து நின்றாள். “இந்த டிரம்மை இறக்க விடலை. எட்டாவது பக்கம் பாருங்க.”

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். எட்டாவது பக்கத்தில் பயப்படும்படி ஒன்றுமில்லை, ஒரு சொல்லைச் சின்னவள் வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தாள். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

“உட்காரு” என்று அண்ணி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். “முதல் பக்கத்துலேர்ந்து சேர்ந்தே படிச்சிடுவோம்.”